பொசன் வாரத்தில் கறுப்புச் சட்டை

ஒரு வாரம் இலங்கையைச் சுற்றிவிட்டு வந்தேன். யானை, கடற்கரை, தேயிலைத் தோட்டம் தேடி வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். தினமும் ராத்திரி அறைக்கு வந்து போனில் தட்டிப் போட்டவை இவை, எழுத்துப் பிழையை மட்டும் இப்போது திருத்தியிருக்கிறேன். நான் மதுரைக்காரன். அப்பா கறுப்புச் சட்டைக்காரர், வீட்டில் பொங்கல் தவிர வேறு பண்டிகை கிடையாது. எனக்கு அந்த அளவு சூடு இல்லை, சாமி கும்பிடுகிறவர்களோடு வம்புக்குப் போக மாட்டேன். அரசியல்வாதி கும்பிடும்போது மட்டும் அவர் கண் சாமியைப் பார்க்கிறதா கூட்டத்தைப் பார்க்கிறதா என்று கவனிக்கிற பழக்கம் உண்டு.

ஜூன் 6, 2025, வெள்ளி: கொழும்பு

இறங்கும்போதே மழை. வெள்ளவத்தையில் அறை எடுத்தேன். ராத்திரி இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், ஒரு அவித்த முட்டைக் குழம்பு. 450 ரூபாய் என்றதும் பகீர் என்றது, அப்புறம் மூன்றரையால் வகுத்துப் பார்த்து நிம்மதியானேன். இந்த வகுத்தல் ஒரு வாரமும் ஓடிக்கொண்டே இருந்தது.

விடுதியில் வேலை பார்க்கும் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னான்: "சேர், நாளைக்கு ஹஜ் பெருநாள், லீவு. செவ்வாய் பொசன் போயா, அதுவும் லீவு. பியர் கியர் வேணும்னா முன்னாலயே வாங்கி வச்சிருங்க." போயா என்றால் பௌர்ணமி. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. அன்றைக்குச் சாராயக் கடையும் கறிக்கடையும் அடைப்பு.

இதுவே பரவாயில்லை. 1966இலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடையாது. நிலாவின் நான்கு கட்டத்தையும் பார்த்து, அந்த நாளும் அதற்கு முந்தின நாளும்தான் வார இறுதி. ஒரு வாரம் செவ்வாயில் லீவு, இன்னொரு வாரம் புதனில். வெளிநாட்டோடு வியாபாரம் செய்கிறவன் காலண்டரை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்திருப்பான். ஐந்து வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு ஞாயிறையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓட்டுக்காக நிலாவைப் பிடித்துக் கட்டிப்போடப் பார்த்த அரசாங்கம் உலகத்தில் வேறெங்காவது இருந்ததா தெரியவில்லை.

ஜூன் 7, சனி: களனி, ரோஸ்மீட் பிளேஸ்

காலையில் விடுதிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. யார் எவர் என்று கேட்காமல், அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு கிண்ணம். கருப்பட்டி வாசனை. இரண்டாவது கிண்ணம் கேட்கலாமா என்று யோசித்து, மானம் தடுத்தது.

களனி விகாரைக்கு ஆட்டோவில் போனேன். புத்தரே வந்து போன இடம் என்பது நம்பிக்கை. சுவர் ஓவியங்கள் உண்மையிலேயே அழகு, அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலி. வெளியே வந்தால் பேய் மழை. படிக்குக் கீழே விட்டிருந்த என் செருப்பில் ஒன்று நின்ற இடத்தில் இல்லை, தண்ணீரோடு போய் ஒரு பூக்காரம்மாவின் மேஜைக்கால் அருகே ஒதுங்கியிருந்தது. அந்தம்மா அதைக் குச்சியால் இழுத்துத் தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். செருப்பை இரண்டு கையால் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கூச்சத்தில் 100 ரூபாய்க்குத் தாமரை மொட்டு வாங்கினேன். அதை என்ன செய்வது என்று தெரியாமல் பேண்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான் களனிக்கு வந்தது ஓவியத்துக்காக இல்லை. 1950களில் இந்த விகாரையின் தலைமைப் பிக்குவாக இருந்தவர் மாப்பிட்டிகம புத்தரக்கித்த. 1956 தேர்தலில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவை ஜெயிக்க வைக்க ஊர் ஊராக இறங்கி வேலை செய்த பிக்குகளில் முக்கியமானவர். பண்டாரநாயக்க ஆங்கிலிக்கன் கிறிஸ்தவராகப் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்துவிட்டு, பிறகு பௌத்தரானவர். சிங்களம் மட்டும் என்ற கோஷத்தோடு ஜெயித்தார். ஜெயித்த பிறகு கொஞ்சம் நிதானம் வந்து, 1957 ஜூலையில் தமிழர் தலைவர் தந்தை செல்வாவோடு (செல்வநாயகம்) தமிழருக்குச் சில உரிமைகள் தரும் ஒப்பந்தம் போட்டார்.

மழை விட்டதும் ரோஸ்மீட் பிளேஸ் போனேன். கொழும்பு 7, மரங்கள் அடர்ந்த பணக்காரத் தெரு. பண்டாரநாயக்கவின் வீடு இப்போது ஒரு சொகுசு ஹோட்டல். ஈரச் செருப்போடு உள்ளே போகத் தைரியம் இல்லாததால் எதிர்ச் சாரியில் நின்று பார்த்தேன். 1958 ஏப்ரல் 9ஆம் தேதி சுமார் 200 பிக்குகள் இந்த வீட்டுப் புல்வெளியில் வந்து உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கிழி என்றார்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடு என்றார்கள். நாட்டின் பிரதமர் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் தமிழருக்கு எதிரான கலவரம். அதற்கு அடுத்த வருஷம், 1959 செப்டம்பர் 25, இதே வீட்டு வராந்தாவில் காவி உடையில் வந்த சோமராம தேரரை பண்டாரநாயக்க கும்பிட்டபோது அவர் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்தார். சதிக்கு மூளையாக இருந்ததாகத் தண்டிக்கப்பட்டவர் களனியின் அதே புத்தரக்கித்த. கொள்கைக் கோபமெல்லாம் பிறகு பூசியது, கப்பல் கம்பெனி, சர்க்கரை ஆலை என்று அவர் கேட்ட வியாபாரச் சலுகைகள் கிடைக்காத ஆத்திரம்தான் என்று விசாரணையில் வந்தது. சோமராம தூக்குமேடைக்குப் போவதற்கு முன் கிறிஸ்தவராக மாறிவிட்டார் என்பது இந்தக் கதையின் கடைசித் திருப்பம்.

தெருவில் நின்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, வீட்டைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. காவலாளி வந்து "யெஸ் சேர்?" என்றார். "நத்திங்" என்றேன். பாக்கெட்டில் தாமரை மொட்டு நசுங்கியிருந்தது.

ஜூன் 8, ஞாயிறு: கண்டி

பஸ் கடவத்தை தாண்டி இம்புல்கொட என்ற சிறிய ஊரைக் கடந்தது. யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. 1957 அக்டோபரில் அதே ஒப்பந்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜே.ஆர். ஜெயவர்தன கொழும்பிலிருந்து கண்டி தலதா மாளிகைக்குப் பாதயாத்திரை கிளம்பி, ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் ஆட்களோடு சாலையை மறித்ததால் மேலே போக முடியாமல் திரும்பிய இடம். கோயிலுக்கு நடந்தால் அது வேண்டுதல். ஒப்பந்தத்துக்கு எதிராகக் கோயிலுக்கு நடந்தால் அதற்கு என்ன பெயர்? அவரும் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து பௌத்தத்துக்கு வந்தவர்தான். எங்கள் ஊரில் புதிதாகக் கட்சி மாறியவர்தான் மேடையில் அதிக நேரம் கத்துவார், அந்த ஞாபகம் வந்தது.

கண்டியில் தூறல், குளிர். தலதா மாளிகையில் கூட்டம், மேளம், மல்லிகை வாசனை. புத்தரின் பல்லைப் பார்க்க முடியாது, அது இருக்கிற பேழையின் கதவைத்தான் சில விநாடி பார்க்கலாம். பல் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே நாடு என்பது ராஜா காலத்து நம்பிக்கை. ராஜா போய் 200 வருஷம் ஆகிவிட்டது, நம்பிக்கை போகவில்லை. ஜெயித்து வருகிற ஒவ்வொருவரும் இங்கே வந்து கும்பிட்டு, மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் தலைமைப் பிக்குகளான மகாநாயக்கர்களைப் பார்த்து ஆசி வாங்கினால்தான் பதவி முழுசாகிறது. 1815இல் வெள்ளைக்காரன் கண்டியை எழுதி வாங்கியபோதே ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் பௌத்தத்தைக் காப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. புலிகள் 1998 ஜனவரியில் லாரியில் குண்டு கொண்டுவந்து இந்த வாசலில் வெடித்ததற்கும் இதே கணக்குதான், நாட்டின் நெஞ்சு இங்கே இருக்கிறது என்று அவர்களும் நம்பினார்கள். செத்தது கும்பிட வந்தவர்கள்.

நான் தங்கிய வீட்டு அக்கா மலையகத் தமிழர். ஏப்ரலில் பத்து நாள் பல்லையே வெளியே வைத்துக் காட்டினார்களே, அந்தக் கதையைச் சொன்னார். 16 வருஷத்துக்குப் பிறகு நடந்த தரிசனம். கேட்டுக்கொண்டவர் யார் தெரியுமா, ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க. 1971இலும் 80களின் கடைசியிலும் ஆயுதம் தூக்கிய மார்க்சியக் கட்சியான ஜே.வி.பி.யின் தலைவர். ஏப்ரல் 27இல் தரிசனம் முடிந்தது, மே 6இல் உள்ளாட்சித் தேர்தல். நான் ஒன்றும் சொல்லவில்லை, தேதியை மட்டும் எழுதுகிறேன்.

"ஊரே ரோட்டுல படுத்திருந்துச்சு சேர். எங்க வாசல்லயே இருபது பேர். பாத்ரூமைத் தொறந்து விட்டுட்டு டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தோம்."

"நீங்க போனீங்களா?"

"போனேனே. பதினோரு மணி நேரம் நின்னேன். பல்லு தெரியல, பூ தெரிஞ்சுச்சு."

ஏமாற்றமாகச் சொல்லவில்லை. பூ தெரிந்ததே என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். என் கிண்டலுக்கெல்லாம் இந்த அக்காவிடம் வேலையே இல்லை. என் சண்டை வேறு ஆட்களோடு. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று அரசியல் சாசனத்தில் 1972இல் முதன்முதலாக எழுதியபோது அந்தச் சாசனத்துக்குப் பொறுப்பான மந்திரி கொல்வின் ஆர். டி சில்வா, பழுத்த ட்ரொட்ஸ்கிய இடதுசாரி. மொழி ஒன்று என்றால் நாடு இரண்டாகும் என்று 1956இல் எச்சரித்த அதே மனிதர். ஒருத்தரும் இங்கே பக்தியால் இதைச் செய்யவில்லை. பக்தி இல்லை என்று கூட்டம் சந்தேகப்பட்டுவிடுமோ என்கிற பயத்தில் செய்தார்கள்.

ராத்திரி கொத்து ரொட்டி, 900 ரூபாய், இரண்டு பேர் சாப்பிடலாம். நான் ஒருத்தனே சாப்பிட்டேன்.

ஜூன் 9, திங்கள்: பஸ்

அனுராதபுரத்துக்கு நாலரை மணி நேரம் நின்றுகொண்டு. பொசன் கூட்டம், பஸ் முழுக்க வெள்ளை உடை, நடுவில் நான் கறுப்பு டீ ஷர்ட்டில் அண்டங்காக்கை மாதிரி. என்னோடு நின்ற ஒரு முஸ்லிம் பெரியவர் தமிழ்ப் பத்திரிகையை மடித்துப் படிக்கக் கொடுத்தார். வெசாக் என்கிற புத்த பௌர்ணமிக்கு ஜனாதிபதி கைதிகளை மன்னித்து விடுவது வழக்கம், இந்த வருஷம் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு பண மோசடிக் கைதியும் அனுராதபுரம் சிறையிலிருந்து சேர்ந்து வெளியே போய்விட்டாராம், அதுதான் ஊரெல்லாம் பேச்சு. "புத்தர் மன்னிச்சிட்டார், போலீஸ் தேடுது" என்றார் பெரியவர். முழு பஸ்ஸிலும் சிரித்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஜூன் 10, செவ்வாய்: அனுராதபுரம், பொசன்

கண்டியின் தூறலுக்கு நேர்மாறு. வறட்டு வெயில், புழுதிக் காற்று. என் பெட்டியில் இருந்தது மூன்று கறுப்பு, ஒரு கருநீலம். தங்கிய இடத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "வயிட் நோ?" என்றார். நடைபாதைக் கடையில் 1,400 ரூபாய்க்கு வெள்ளைச் சட்டை வாங்கினேன். தோளில் ஒரு அளவு, வயிற்றில் வேறு அளவு. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன், பார்த்த அடையாளமாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பொசன் என்பது அசோகரின் மகன் மகிந்த தேரர் மிகிந்தலைக்கு வந்து பௌத்தத்தைக் கொண்டுவந்த நாள். நாடு முழுக்க சனம் இங்கேதான். தெருவுக்குத் தெரு தன்சல், அதாவது நம்ம ஊர் அன்னதானப் பந்தல். வித்தியாசம் என்னவென்றால் இங்கே பையன்கள் கொடியோடு நடுரோட்டில் குதித்து வண்டிகளை மறித்து, சாப்பிடாமல் போக விடமாட்டேன் என்கிறார்கள். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி, கருவாடு இல்லாத சம்பல். அடுத்த பந்தலில் அவித்த கடலை. அதற்கு அடுத்ததில் மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும். ஐஸ்கிரீம் தன்சலில் மட்டும் வரிசை அரை கிலோமீட்டர், அதில் போலீஸ்காரர் இரண்டு பேரும் நின்றார்கள். நான் மூன்று பந்தலில் சாப்பிட்டேன், நாலாவதில் பரிமாறியவர் என் தட்டு காலியாக இருப்பதைப் பொறுக்க முடியாமல் கேட்காமலே போட்டார். அறுபது வயதிருக்கும். "இந்தியா? தமிழ்?" என்றார். தலையாட்டினேன். ஒரு நொடி பார்த்துவிட்டு, "நல்லா சாப்பிடுங்க" என்று உடைந்த தமிழில் சொல்லி இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார்.

அந்தக் கரண்டி தொண்டையில் இறங்கச் சிரமப்பட்டது. இந்த ஊரில்தான் 1985 மே 14இல் புலிகள் பஸ் நிலையத்திலும் புனித அரச மரம் இருக்கிற ஸ்ரீ மகாபோதி வளாகத்திலும் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டார்கள். கும்பிட வந்த கிழவிகளும் பிக்குகளும் அதில் உண்டு. அதை எனக்கு அங்கே யாரும் நினைவுபடுத்தவில்லை. எல்லாரும் சாப்பாடுதான் போட்டார்கள்.

சாயங்காலம் ருவன்வெலிசாய ஸ்தூபி. அப்படியொரு வெள்ளை, கண் கூசுகிறது. கல் தரை வெயிலைக் குடித்து வைத்திருந்து வெறுங்காலில் திருப்பிக் கொடுக்கிறது. தமிழ் ராஜா எல்லாளனைக் கொன்ற சிங்கள ராஜா துட்டகைமுனு கட்டத் தொடங்கியது. இத்தனை பேரைக் கொன்றேனே என்று அவன் வருந்தியபோது, நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான், மற்றவர்கள் பௌத்தர் அல்லாததால் கணக்கில் வரமாட்டார்கள் என்று அரகந்தர்கள் என்கிற பௌத்த ஞானிகள் ஆறுதல் சொன்னதாக, பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் எழுதி வைத்திருக்கிறது. அதே மகாவம்சம்தான், எல்லாளன் சமாதியைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்து என்று துட்டகைமுனு உத்தரவிட்டதையும் சொல்கிறது. மேடையில் பேசுகிறவர்களுக்கு முதல் கதைதான் பயன்படுகிறது. 2019 நவம்பர் 18இல் கோட்டாபய ராஜபக்ச கொழும்பை விட்டுவிட்டு இங்கே வந்து ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். 2022 ஜூலையில், பெட்ரோலும் கேஸும் இல்லாத சனம் மாளிகைக்குள் நுழைந்தபோது நாட்டை விட்டே ஓடினார். ஸ்தூபி அப்படியே நிற்கிறது.

மகாபோதியிலிருந்து வெளியே போகிற வரிசை என்று நினைத்து ஒரு வரிசையில் நின்றேன். அது நூல் கட்டுகிற வரிசை. என் முறை வந்தபோது பதினாறு வயது மதிக்கத்தக்க பிக்கு ஒருவர் கையை நீட்டச் சொன்னார். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க பாஷையும் இல்லை, பின்னால் ஐம்பது பேர். நீட்டினேன். வெள்ளை நூல், மூன்று முடிச்சு. இந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பவில்லை.

ராத்திரி அறைக்காரர் கதவைத் தட்டி, தேநீர்க் கெண்டியை வைத்துவிட்டுக் கண்ணடித்தார். உள்ளே பியர். போயா அன்றைக்கு டீ 1,200 ரூபாய்.

ஜூன் 11, புதன்: யாழ்ப்பாணம்

வயிறு சரியில்லை, நாலு தன்சலின் பலன். பஸ் ஓமந்தை தாண்டியதும் பனைமரம். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று ஆளைத் தள்ளுகிறது. நாள் முழுக்கக் கஞ்சியும் தூக்கமும். சாயங்காலம் மாம்பழம் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் சில்லறை கொடுக்கும்போது என் மணிக்கட்டையே பார்த்தார். அனுராதபுரத்தில் அது ஆசீர்வாதம். நூறு மைல் வடக்கே அது என்ன என்று அவர் சொல்லவில்லை. "ஆமியோ?" என்று மட்டும் கேட்டார், ராணுவக்காரனா என்று. "இல்லங்க, மதுரை" என்றேன். முகம் மலர்ந்து ஒரு பழம் கூடப் போட்டார்.

நூலை அவிழ்க்கப் பார்த்தேன். வேர்வையில் முடிச்சு இறுகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்: தையிட்டி, மாவிட்டபுரம்

ஆட்டோ தம்பிக்கு முப்பது வயதிருக்கும். போக வர 4,000 பேசினோம். முதலில் தையிட்டி விகாரை. உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த இடத்தில் ராணுவம் கட்டியது, நிலம் எங்களுடையது என்று சொந்தக்காரர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் போராடுகிறார்கள். சுற்றிலும் ஒரு பௌத்தக் குடும்பமும் இல்லை. நேற்றுமுன்தினம் எனக்குச் சோறு போட்ட அதே புத்தர் இங்கே சிப்பாய் வேலை பார்க்கிறார். தம்பி ஆட்டோவை நிறுத்தாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒன்றொன்றாகச் சொன்னான், எந்தக் காணி யாருடையது, எந்தக் கிணறு யாருடையது. கோபம் நியாயமானது.

"உந்த நூல் விகாரையிலை கட்டினதோ அண்ணை?"

"தெரியாம நின்னுட்டேன் தம்பி."

"ஓம், வரிசை எண்டா அப்பிடித்தான்" என்று சிரித்தான்.

கொஞ்ச தூரத்திலேயே மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போக வந்தபோது வாசலில் ஆட்களோடு நின்று மறித்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையில் இருந்தவர், தமிழருக்குத் தனிநாடு வேண்டும் என்று மற்ற எல்லாருக்கும் முன்னால் கேட்டவர். அந்த நாட்டின் வாசல் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கே காட்டிவிட்டார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். இதே காங்கேசன்துறைத் தொகுதியின் இந்துக்கள்தான் கிறிஸ்தவரான செல்வநாயகத்தைத் திரும்பத் திரும்பப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மதம் பார்க்காமல் ஓட்டுப் போட்ட ஊர், வாசலில் சாதி பார்த்தது.

ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அனுராதபுரத்து வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டேன். "வர்றியா?" என்று தம்பியைக் கேட்டேன்.

"நான் வெளியிலை நிக்கிறன் அண்ணை. நீங்க போட்டு வாங்கோ."

உள்ளே பத்து நிமிஷம். கற்பூர வாசனை, குளிர்ந்த தரை, என்னைத் தவிர மூன்று பேர். வெளியே வந்து சட்டையை மாட்டும்போது, வீதியோரத்து மர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எவடம்?"

"இந்தியாங்கய்யா. மதுரை."

"மதுரையிலை எவடம்?"

தெருவைச் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி இப்படித்தான் மெதுவாக இறங்கி வரும் என்பதால் "நேரமாச்சுங்க" என்று கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

தம்பி ஆட்டோவை வீதிக்கு அந்தப் பக்கம், வெயிலிலேயே நிறுத்தியிருந்தான். பின் சீட்டில் உட்கார்ந்து நான் வாங்கின கறுத்தக்கொழும்பானில் ஒன்றைப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தான். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கவில்லை. கையை நீட்டி நூலைக் காட்டினேன். பிளேடைத் துடைத்துவிட்டு, தோல் படாமல் பார்த்து அறுத்தான். அறுத்த நூலை ரோட்டில் போடாமல் மாம்பழத் தோலோடு பையில் சுருட்டி வைத்துவிட்டு, கன்னத்துண்டு ஒன்றை என்னிடம் நீட்டினான்.